கொழும்பில் சிறுநீரகக் கட்டிக்கு பயொப்சி: எங்கே தேறுகிறது, எங்கே கோட்டை விடுகிறது

வாயுக்கோ கல்லுக்கோ என்று வயிற்றை ஸ்கான் பண்ணப் போய், "வலது சிறுநீரகத்தில் 2.8 சென்ரிமீற்றர் கட்டி" என்ற வரியோடு வெளியே வருகிறவர்கள் கொழும்பில் இப்போது அதிகம். வலி இல்லை, சலத்தில் இரத்தம் இல்லை, உடம்பில் ஒரு குறையும் தெரியாது. அடுத்த கிழமையே ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணி, எடுக்கிறதா விடுகிறதா என்று குடும்பமே குழம்பி நிற்கிறது. அந்த நேரத்தில் பலருக்குச் சொல்லப்படாமலே போகிற ஒரு சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம்: ஊசியால் கட்டியிலிருந்து துண்டு எடுத்து, அது என்ன கட்டி என்று பார்க்கும் பயொப்சி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊசி குத்துகிற வேலையில் கொழும்புக் கதிரியக்க நிபுணர்களின் கை நல்ல கை. ஊசிக்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வியிலும், எடுத்த துண்டு அதன் பிறகு போகிற பாதையிலும்தான் சேவை இடத்துக்கு இடம் மாறுகிறது. காசும் காலமும் வீணாவது அந்த இரண்டு இடங்களில்.

சிறுநீரகத்தில் 4 சென்ரிமீற்றரும் அதற்குக் குறைவுமான திண்மக் கட்டியைச் சிறிய கட்டி என்கிறார்கள். வெட்டி எடுக்கப்பட்ட இப்படியான கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. கட்டி சிறுக்கச் சிறுக்க அந்தப் பங்கு கூடுகிறது. ஒன்கோசைட்டோமாவும் கொழுப்புக் குறைந்த அஞ்சியோமயோலிப்போமாவும் அவற்றில் முக்கியமானவை. சீடீ ஸ்கானில் இவை புற்றுநோயைப் போலவே கொன்ட்ராஸ்ட் மருந்தை உறிஞ்சி வெளிச்சமாகத் தெரியும். படத்தைப் பார்த்து எவ்வளவு தேர்ந்த கண்ணும் பிரித்துச் சொல்வது கடினம். மீதியும் ஒரே சாதி இல்லை. கிளியர் செல் வகைதான் அதிகம். பப்பிலரியும் குரோமோஃபோப்பும் அதற்கு அடுத்தவை. இவை வளரும் வேகமும் பரவும் குணமும் வேறு வேறு. வெட்டுவதா, சூட்டால் பொசுக்குவதா, பார்த்துக்கொண்டே இருப்பதா என்பது அந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது.

அவசரப்பட வேண்டிய தேவையும் பெரும்பாலும் கிடையாது. கண்காணிப்பில் வைக்கப்பட்ட சிறிய கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீற்றர் அளவில்தான் வளர்கின்றன. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த சில ஆண்டுகளில் வேறு உறுப்புக்குப் பரவியது நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு மட்டுமே. ஆகவே பயொப்சிக்கு ஒரு மாதம் காத்திருந்தோம், முடிவுக்கு இன்னும் மூன்று கிழமை போனது என்று கலங்க வேண்டாம். "இந்தக் கிழமையே எடுத்துவிடுவோம்" என்று யாராவது நெருக்கினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

"குத்தினால் பரவிவிடும்" என்ற பயம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, கொள்ளுப்பிட்டியிலும் உண்டு. சில வைத்தியர்களிடமும் இன்னும் உண்டு. அடிப்படையே இல்லாத பயம் என்று தள்ளிவிட முடியாது. 2019இல் பிரித்தானியாவின் ஒரு பெரிய நிலையம், ஊசி போன பாதையில் கட்டியின் கலங்கள் விதைந்திருந்த ஏழு பேரை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலானோருக்கு இருந்தது பப்பிலரி வகை. ஆனால் உலகம் முழுவதும் செய்யப்படும் பயொப்சிகளோடு வைத்துப் பார்த்தால் இது அரிது. அதைக் குறைக்கும் வழியும் கையில் இருக்கிறது: வெளியே ஒரு குழாய் ஊசி, அதற்குள்ளால் வெட்டும் ஊசி. இதைக் கோஅக்சியல் முறை என்கிறார்கள். குழாய் கட்டியின் வாசலில் நிற்கும். வெட்டும் ஊசி எத்தனை தடவை போய் வந்தாலும் தசையையும் கொழுப்பையும் தொடாது. இந்த முறையில் செய்கிறார்களா என்பது, சேவையை மதிப்பிட நாங்கள் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி. "இல்லை, நேரே குத்துவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டியும் கோஅக்சியல் முறையைத்தான் சொல்கிறது.

துல்லியத்தைப் பொறுத்தவரை, 57 ஆய்வுகளை, அதாவது 5,000க்கும் மேற்பட்ட நோயாளரைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் தொகுப்பு ஒன்றில், நூற்றுக்கு 92 பயொப்சிகளில் ஏதோ ஒரு திட்டமான விடை கிடைத்திருக்கிறது. துண்டாக எடுக்கும் கோர் முறையில், விடை கிடைத்த இடத்தில் புற்றுநோயைப் புற்றுநோய் என்று சொன்னது நூற்றுக்கு 99 அளவில். மெல்லிய ஊசியால் கலங்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏ முறை அந்தத் துல்லியத்தை எட்டாது. தைரொயிட் கட்டிக்கு எஃப்என்ஏ செய்து பழகிய இடங்களில் சிறுநீரகத்துக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். ரிக்குவெஸ்ட் தாளில் "கோர் பயொப்சி" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரொறன்ரோவின் ஒரே நிலையத்தில் 13 ஆண்டுகளில் செய்த 529 பயொப்சிகளைப் பற்றிய 2015ஆம் ஆண்டு வெளியீட்டில், முதல் தடவையிலேயே நூற்றுக்கு 90 பேருக்கு விடை வந்தது, நூற்றுக்கு 26 பேருக்குக் கட்டி தீங்கற்றது. அந்த நாலில் ஒரு பங்கினர் கத்தியைத் தவிர்க்கலாம் என்பதே இந்தச் சேவையின் பெறுமதி.

எல்லாருக்கும் இது தேவையில்லை என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். விடை எதுவாக இருந்தாலும் உங்கள் முடிவு மாறப்போவதில்லை என்றால் ஊசியே வேண்டாம். நல்ல உடல்நிலையில் உள்ள நாற்பது வயதுக்காரர் ஒருவர், "நூற்றுக்கு ஒரு பங்கு சந்தேகம் இருந்தாலும் எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்கிறார் என்றால் பயொப்சி அவருக்குச் செலவு மட்டுமே. எண்பத்தைந்து வயதில், இதய நோயோடு, எந்தச் சிகிச்சையும் தாங்க முடியாத அம்மாவுக்கும் அப்படியே. அவருக்குக் கிரமமான ஸ்கான்கூடத் தேவையில்லை, அறிகுறி ஏதும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். இடையில் உள்ளவர்களுக்குத்தான் இது பொன்னான சேவை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர், இரு பக்கமும் கட்டி உள்ளவர், வேறு புற்றுநோய்க்கு முன்பு சிகிச்சை பெற்றவர், காய்ச்சலும் மெலிவும் இருந்து காசநோயோ நிணநீர்ப் புற்றுநோயோ என்று சந்தேகம் எழுகிறவர், பொசுக்கும் சிகிச்சைக்குப் போக இருப்பவர். வவுனியாவிலும் அனுராதபுரம் பக்கத்திலும் இருந்து நாட்பட்ட சிறுநீரக நோயோடு வருகிறவர்களை இந்தப் பட்டியலில் முதலாவதாகவே வைக்க வேண்டும். ஏற்கெனவே பாதி வேலை செய்யும் சிறுநீரகத்தில், தீங்கற்ற கட்டி ஒன்றுக்காக ஒரு பகுதியை இழப்பது அவர்களை டயலிசிஸ் கட்டிலுக்குக் கிட்டக் கொண்டுபோய்விடும்.

குத்தவே கூடாத கட்டிகளும் உண்டு. சீடீயில் கட்டிக்குள் கொழுப்பு வெளிப்படையாகத் தெரிந்தால், அதாவது அடர்த்தி கழித்தல் 20 ஹவுன்ஸ்பீல்ட் அலகுக்கு (சீடீயில் அடர்த்தியை அளக்கும் அலகு) கீழே போனால், அது அஞ்சியோமயோலிப்போமா. ஏறக்குறைய எப்போதும் விடை அதுவே. நீர்க்கட்டிகளில் திண்மமான பகுதி இல்லாவிட்டால் ஊசிக்குக் கிடைப்பது தண்ணீர் மட்டும். சிறுநீரகத்தின் சலம் சேரும் பையிலிருந்து கிளம்பிய கட்டி என்ற சந்தேகம் இருந்தால் தோலால் குத்துவதைத் தவிர்த்து, சலத்தைப் பரிசோதித்து, கீழிருந்து கமரா விட்டுப் பார்ப்பதே முறை. அந்த வகைப் புற்றுநோய் ஊசிப் பாதையில் விதைவது கூட. மேல் முனையில் உள்ள கட்டி சிறுநீரகத்துடையதா, மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியுடையதா என்று தெளிவில்லை என்றால், ஓர்மோன் பரிசோதனை முடியாமல் ஊசியைத் தொடக்கூடாது. ஃபியோக்குரோமோசைட்டோமா என்ற சுரப்பிக் கட்டியைக் குத்தினால் பிறஷர் உயிருக்கு ஆபத்தாக எகிறும்.

இதையெல்லாம் தீர்மானிக்க நல்ல சீடீ வேண்டும். இங்கேதான் கொழும்புச் சேவையின் முதல் ஓட்டை. சிறிய நிலையங்களில் எடுத்த சீடீயில் கொன்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு கட்டமும், கொடுத்த பின் ஒரே ஒரு கட்டமும்தான் இருக்கும். சிலதில் முதல் கட்டமே இருக்காது. கொன்ட்ராஸ்ட் இல்லாத படத்தோடு ஒப்பிட்டால்தான் கட்டி எத்தனை அலகு கூடியது என்று தெரியும். சிறுநீரகக் கட்டிக்கு என்றே நெறிப்படுத்திய சீடீ கேளுங்கள்: கொன்ட்ராஸ்ட் இல்லாத வெறும் கட்டம், தமனிக் கட்டம், மருந்து சிறுநீரகம் முழுவதும் பரவிய நெஃப்ரோகிராம் கட்டம், மெல்லிய வெட்டுகளில். அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பயொப்சி செய்பவரிடம் போகாதீர்கள். சீடீத் தட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பக்கத்தால், எந்த விலா எலும்புக்குக் கீழால் போவது என்பதை அவர் படத்தில் பார்த்துத்தான் திட்டமிட முடியும்.

அடுத்தது இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசைகள். சிறுநீரகம் குருதி நிறைந்த உறுப்பு. அதைக் குத்துவது குருதிப்போக்கு ஆபத்துக் கூடிய வேலை என்றே வகுக்கப்பட்டிருக்கிறது. குளொப்பிடோகிறலை 5 நாளைக்கு முன் நிறுத்துவது வழக்கம். வார்ஃபரினும் அப்படியே, நிறுத்திய பின் இரத்தம் உறையும் நிலையைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5 அளவுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அஸ்பிரினைச் சில நாட்கள், ரிவரொக்சபான் போன்ற புதியவற்றைச் சிறுநீரகத்தின் வேலைத்திறனுக்கு ஏற்ப இரண்டு மூன்று நாள். இதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய வைத்தியரின் எழுத்து வேண்டும். கொழும்பில் அடிக்கடி நடக்கிற குளறுபடி இது: இதய கிளினிக் ஓர் இடம், சிறுநீரக கிளினிக் இன்னோர் இடம், பயொப்சி மூன்றாவது இடம், யாருமே குளொப்பிடோகிறலைப் பற்றிக் கேட்கவில்லை என்று அன்று காலை தெரியவரும், திகதி தள்ளிப்போகும். டயக்னோசிஸ் கார்டுகளையும் குளிசை மட்டைகளையும் ஒரு பையில் போட்டு, திகதி குறிக்கும் நாளிலேயே காட்டிவிடுங்கள். பிளேட்லெட் 50,000க்கு மேல் இருக்க வேண்டும். டெங்கு பரவும் மாதங்களில் ஒரு கிழமைக்குள் காய்ச்சல் வந்திருந்தால் பழைய இரத்தப் பரிசோதனையை நம்பாமல் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். சலத்தில் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. பிறஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவரைக் குத்தவே கூடாது. அன்று காலை பிறஷர்க் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொண்டே போகலாமா என்று கேட்டு வையுங்கள்.

அந்த நாளில் நடப்பது இது. நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு, கையில் கனுலா. பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்குக் கீழே தலையணை கொடுப்பார்கள். சரிந்து படுக்கவைப்பதும் உண்டு. பக்கம் எது என்பதை நீங்களே வாயால் சொல்லுங்கள், தோலில் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில், கீழ் முனையில் உள்ள கட்டி அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரிந்தால் அதுவே நல்லது. ஊசி நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம், கதிரும் இல்லை. முன்பக்கம் குடலுக்கு அருகில் இருந்தாலோ, மேல் முனையில் விலாவுக்குள் ஒளிந்திருந்தாலோ, சுற்றியுள்ள சிறுநீரகத்தின் நிறத்திலேயே இருந்து அல்ட்ராசவுண்டில் பிரியாமல் போனாலோ சீடீ வேண்டும்.

தோலிலிருந்து சிறுநீரகத்தின் உறை வரைக்கும் விறைக்க ஊசி. உறையைத் தொடும் இடத்தில் மருந்து போதாவிட்டால்தான் வலி. அந்த வலியில் நோயாளி மூச்சை இழுத்தால் சிறுநீரகம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கீழே இறங்கி, ஊசி கட்டியை விட்டு விலகிவிடும். ஆகவே நல்ல நிபுணர் குத்துவதற்கு முன் உங்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பார்: பெரிதாக இழுக்காமல், சாதாரணமாக விட்ட இடத்தில் நிறுத்துங்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில். 17 கேஜ் குழாய் ஊசி (கேஜ் எண் கூடினால் ஊசி மெல்லிது) கட்டியின் ஓரத்தில் நிற்கும். உள் கம்பியை உருவி, 18 கேஜ் தானியங்கி ஊசியை நுழைத்து விசையைத் தட்டுவார்கள். ஸ்டாப்ளர் அடித்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் திடுக்கிடுகிறார்கள், முன்கூட்டியே ஒரு தரம் காற்றில் அடித்துக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். ஊசி முன்னோக்கிப் பாயும் தூரம் கட்டியின் அளவைத் தாண்டக்கூடாது. ஒன்றரை சென்ரிமீற்றர் கட்டியை 2 சென்ரிமீற்றர் பாயும் ஊசியால் அடித்தால் மறுபக்கத்தில் உள்ள குருதிக்குழாயையும் சேர்த்து வெட்டும். தூரத்தை மாற்றக்கூடிய ஊசி விலை கூட. சிறிய கட்டிக்கு அந்த விலை நியாயமானது.

துண்டு வெளியே வந்ததும் பார்க்கும் பார்வையில்தான் அனுபவம் தெரியும். நல்ல கோர் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் உடையாத நூலாக வரும். மஞ்சளாகவோ சாம்பல் வெள்ளையாகவோ இருந்தால் கட்டி அகப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். முழுக்கக் கபிலச் சிவப்பு என்றால் பெரும்பாலும் கட்டிக்குப் பக்கத்தில் உள்ள சாதாரணச் சிறுநீரகத் திசு. மிதந்தால் கொழுப்பு. நொறுங்கிப் பொடியானால் நடுவில் செத்த பகுதி. ஓரத்துக்கு மாற வேண்டும். குறைந்தது இரண்டு நல்ல துண்டு, முடிந்தால் மூன்று, ஒரே பாதையில் இல்லாமல் குழாயைச் சற்றுச் சரித்து வேறு வேறு இடத்திலிருந்து. ஒரே ஒரு துண்டோடு "போதும்" என்று முடித்துவிடுவதைப் பார்க்கும்போது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. குழாய் ஏற்கெனவே உள்ளே நிற்கிறது. இரண்டாவது துண்டுக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து, மாதக்கணக்கில் இன்னொரு திகதிக்கு அலையவிடுவது சரியான சேவை இல்லை.

எடுத்த துண்டை உலர்ந்த கோஸ் துணியில் வைத்தால் ஒட்டிப் பிய்ந்துவிடும். ஊசி முனையிலிருந்து நேரே 10 வீத ஃபோர்மலின் போத்தலுக்குள், துண்டைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் போக வேண்டும். காசநோய் சந்தேகம் என்றால் ஒரு துண்டு ஃபோர்மலினைத் தொடவே கூடாது. ஃபோர்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க எதுவும் இருக்காது. அந்தத் துண்டு சேலைன் போத்தலில் போக வேண்டும். நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகத்துக்கும் புதிய துண்டு ஒன்று தனியே வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லி இரண்டு போத்தல் தயார் பண்ணாவிட்டால் அன்றைய வேலை பாதி வீண். போத்தல் லேபலில் பெயரோடு பக்கமும், ரிக்குவெஸ்ட் தாளில் சீடீ முடிவும் பழைய நோய்களும் எழுதியிருக்க வேண்டும். "சிறுநீரகக் கட்டி" என்ற இரண்டு சொல்லோடு போகிற தாளுக்கு நோயியல் நிபுணரும் அந்த அளவுக்குத்தான் பதில் எழுத முடியும்.

ஆய்வுகூடத்தில் சாதாரண சாயம் பல கட்டிகளுக்குப் போதும். இளஞ்சிவப்புக் கலங்கள் நிறைந்த கட்டிக்குப் போதாது. ஒன்கோசைட்டோமாவும் குரோமோஃபோப் புற்றுநோயும் இரண்டுமே அப்படித் தெரியும். இரண்டிலும் சீடீ117 (CD117; ஸ்கானோடு தொடர்பில்லை) என்ற சாயம் ஏறும். குரோமோஃபோப்பில் சீகே7 பரவலாக ஏறும், ஒன்கோசைட்டோமாவில் அங்கொன்று இங்கொன்றாகச் சில கலங்களில் மட்டும். அஞ்சியோமயோலிப்போமாவுக்கு எச்எம்பி45. சிறுநீரகக் கலம்தானா, வேறிடத்திலிருந்து வந்ததா என்பதற்கு பாக்ஸ்8. இம்யூனோ என்று சொல்லப்படும் இந்தச் சாயங்களுக்குத் தனியார் ஆய்வுகூடங்களில் தனித்தனியே காசு. ஆரம்பத்தில் சொன்ன விலையில் அது சேர்ந்திருப்பதில்லை. முதல் அறிக்கை "இம்யூனோ பரிந்துரைக்கப்படுகிறது" என்று முடிந்து, குடும்பம் மறுபடி பணம் கட்டி இன்னும் சில கிழமை காத்திருக்கும். திகதி எடுக்கும்போதே பயொப்சி அறைக் கட்டணம், நிபுணர் கட்டணம், ஊசி, கட்டில், ஆய்வுகூடம், இம்யூனோ என்று ஆறையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் பில் எப்போதும் கூடித்தான் வரும்.

அரச வைத்தியசாலைகளில் இதே வேலை இலவசம், ஊசி குத்தும் கைகளும் பல சமயம் அதே கைகள். காத்திருப்பு நீளம். சில பொருட்களை வெளியே வாங்கித் தரச் சொல்வதும் உண்டு; கோஅக்சியல் ஊசி இருக்கிறதா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் வழிந்து சிக்கலானால் இரவிலும் அந்தக் குருதிக்குழாயை அடைத்து நிறுத்தக்கூடிய பெரிய வைத்தியசாலை என்பது, குளிரூட்டிய தனியறையை விடப் பெரிய வசதி. சம்மதப் படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டப்பட்டால் தமிழில் விளக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். தமிழ் பேசும் தாதியையோ பயிற்சி வைத்தியரையோ கூட்டி வரச் சொல்லுங்கள்.

சிக்கல்களை மறைக்கத் தேவையில்லை. சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கட்டுவது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில், பெரும்பாலும் தானாகக் கரையும். சலத்தில் கண்ணுக்குத் தெரியும் இரத்தம் நூற்றுக்கு ஒருவர். மேல் முனைக் கட்டிகளில் நுரையீரல் உறையில் காற்றுப் புகுவது அதைவிடக் குறைவு. இரத்தம் ஏற்ற வேண்டி வருவது ஆயிரத்தில் நாலு பேர் அளவில். குத்தி முடிந்ததும் நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் படுக்கை, முதல் மணித்தியாலத்தில் கால் மணிக்கு ஒரு தரம் பிறஷரும் நாடியும். முதல் சலத்தைத் தாதிக்குக் காட்டாமல் ஊற்றிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ அன்றிரவே பஸ் ஏறுவதை நாங்கள் கடுமையாகவே தடுக்கிறோம். குருதிப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்தில் வரும். அந்த நேரத்தில் நீங்கள் நடுக்காட்டில் குலுங்கும் பஸ்ஸில் இருக்கக்கூடாது. வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினாலும் அன்றிரவு வெள்ளவத்தையிலோ எங்காவதோ தங்கி, அடுத்த நாள் பகலில் கிளம்புங்கள். இரண்டு கிழமைக்கு நெல் மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள் வேண்டாம். பத்து நாள் கழித்தும் திடீரென்று சலம் சிவந்தால் சிறு தமனி ஒன்று வீங்கி வெடித்திருக்கலாம். அது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய விஷயம்.

அறிக்கையை வாசிப்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. "புற்றுக் கலங்கள் காணப்படவில்லை" என்ற வரி தீங்கற்ற கட்டி என்று அர்த்தம் தராது. துண்டில் இருந்தது சாதாரணச் சிறுநீரகம், நார், செத்த திசு என்றால் ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கிறது; அந்த அறிக்கை விடையே இல்லை. நூற்றுக்கு எட்டு தொடக்கம் பதினைந்து பேருக்கு இப்படி ஆகலாம். கட்டி மிகச் சிறிது, நீர் கலந்தது, தோலிலிருந்து தூரம் என்றால் இன்னும் கூட. கட்டியின் பெயரே எழுதாத இப்படி ஓர் அறிக்கையைக் காட்டி "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பப்படுகிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்கு ஆகக் கூடிய கவலை. செய்ய வேண்டியது இரண்டாவது பயொப்சி. முதலாவது தவறிய பெரும்பாலானோருக்கு அதில் விடை வருகிறது. "ஒன்கோசைட்டோமா" என்று பெயர் எழுதிய அறிக்கை வேறு சங்கதி. அதிலும் "சார்பாக உள்ளது" என்ற சொல் ஒட்டியிருக்கும், ஏனென்றால் சிறு துண்டை வைத்து முழுக்கட்டிக்கும் சத்தியம் பண்ண முடியாது. அது நிபுணரின் நேர்மை, தயக்கம் என்று எடுக்க வேண்டாம். புற்றுநோய் என்று வந்தால் வகையை நம்பலாம். தீவிரத்தைச் சொல்லும் தரத்தை அவ்வளவு நம்ப வேண்டாம். கட்டியின் ஒரு மூலையில் தரம் 2, இன்னொரு மூலையில் 3 இருக்கலாம், ஊசி பார்த்தது ஒரு மூலையை. குரோமோஃபோப் வகைக்கு அந்தத் தர எண்ணே போடுவதில்லை; அறிக்கையில் இல்லையே என்று பதற வேண்டாம்.

பொசுக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள் பயொப்சியை அதே நாளில், அதே மேசையில் முடித்துவிடலாம் என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். ஒரே பயணம், ஒரே செலவு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விடை வரும்போது கட்டி ஏற்கெனவே பொசுங்கியிருக்கும். தீங்கற்றது என்று தெரிந்து என்ன பயன்? அமெரிக்க சிறுநீரியல் சங்கமும் முன்கூட்டியே செய்வதைத்தான் விரும்புகிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் அசலைக் கோப்பில் வைத்து, பிரதியைக் கிளினிக்குக்குக் கொடுங்கள். மெழுகுக் கட்டையும் கண்ணாடித் துண்டும் எந்த ஆய்வுகூடத்தில், எந்த இலக்கத்தில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு நிபுணரின் கருத்துக்கு மறுபடி குத்த வேண்டியதில்லை, அந்தக் கட்டையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும். நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக வேண்டி வந்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுவாக இருக்கும். தீங்கற்றது என்று வந்தவர்களும் ஸ்கானை விட்டுவிடக்கூடாது. ஆறு மாதத்திலும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும், முடிந்தால் அதே நிலையத்தில், அதே முறையில் எடுத்து, பழைய படத்தோடு பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்கோசைட்டோமாவும் மெல்ல வளரும், ஆகவே ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குப் பயப்பட வேண்டாம். ஒரே ஆண்டில் 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் அடுத்த ஸ்கானுக்குக் காத்திராமல் சிறுநீரியல் நிபுணரைப் பாருங்கள்.